வரையத் தெரியாதவர்களுக்கும் ஓவியம்: கலைச் சிகிச்சை ஓர் அறிமுகம்

மாமா இறந்த வருடம் அத்தை வீட்டு வாசலில் கோலம் இல்லை. துக்க வீட்டில் ஓராண்டு கோலம் போடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாற்பது வருடமாக விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலமிட்ட கைக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போனது. துணைக்கு நான் ஒரு மாதம் அங்கே தங்கியிருந்தேன். ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை தரையில் உட்கார்ந்து, மளிகைக் கடையில் கொடுத்த பழைய டைரியில் நீலப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். 15 புள்ளி, இடுக்குப்புள்ளி 8 வரை.

"தூக்கம் வரலைப்பா. வாசல்லதான் போடக்கூடாது. இதுல போட்டா யாரு கேக்கப்போறா?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேனா ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து அடுத்ததற்குப் போகும்போது அவர் மூச்சும் கூடவே நீண்டது. ஓரிடத்தில் இழை தவறிவிட்டது. அவர் அடிக்கவில்லை, தாளைக் கிழிக்கவும் இல்லை. தவறிய இடத்திலிருந்தே இன்னொரு சுற்று போட்டு இழையைக் கொண்டுவந்து சேர்த்தார். அதுவரை மாமாவைப் பற்றி வாயே திறக்காதவர், டைரியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கடைசி நாள் காபி வேணும்னார். சர்க்கரை ஏறிடும்னு நான் குடுக்கலை" என்றார்.

அன்றைக்கு எனக்கு எதுவும் புரியவில்லை. பல வருடம் கழித்து கலைச் சிகிச்சை, அதாவது ஆர்ட் தெரபி பற்றிப் படித்தபோதுதான் அந்த ராத்திரி நினைவுக்கு வந்தது. கையும் கண்ணும் ஒரு வேலையில் இருக்கும்போது, மனதில் அடைத்துக்கிடப்பது மெல்ல வெளியே வரும். நேருக்கு நேர் முகம் பார்த்துக் கேட்டால் வராதது அப்போது வரும். இந்தத் துறையின் அடிப்படையே அதுதான்.

இதில் ஆரம்பத்திலேயே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. நாமாக உட்கார்ந்து வரைவது, களிமண் பிசைவது, தைப்பது, அதில் மனம் லேசாவது ஒன்று. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இன்னொன்று, பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளரோடு உட்கார்ந்து, வரைவதையே வழியாக வைத்துக்கொண்டு மனநலச் சிகிச்சை பெறுவது. அந்த அறையில் இரண்டு பேர் இருந்தாலும் மூன்றாவதாக ஒன்று இருக்கும், அது வரைந்த படம். "உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டால் ஆள் சுருங்கிவிடுவார். "இந்த மூலையில் சிவப்பு இவ்வளவு அழுத்தமாக இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். பேச்சு படத்தைப் பற்றியது போலத்தான் இருக்கும். ஆனால் பேசுவது தன்னைப் பற்றித்தான் என்று இருவருக்கும் தெரியும்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. படம் அழகாக இருக்கிறதா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. என்னைக் கேட்டால், நம்மில் பாதிப் பேர் வரைவதை விட்டதே அந்தக் கேள்வியால்தான். நான்காம் வகுப்பில் யாரோ ஒருவர் "இது மாடா, நாயா?" என்று சிரித்திருப்பார். அன்றோடு கிரேயானைக் கீழே வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

படுக்கையில் பிறந்த பெயர்

ஆர்ட் தெரபி என்ற பெயரை 1942இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். முதல் உலகப்போரில் போர்முனைக் காட்சிகளை வரைந்தவர். 1938இல் அவருக்குக் காசநோய் வந்தது. இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இருந்த சானடோரியத்தில் சேர்த்தார்கள். (சென்னையில் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்ததும் அப்படியொரு காசநோய் மருத்துவமனையால்தான்.) காசநோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலம் அது. மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதுதான் வைத்தியம். ஹில் படுக்கையில் இருந்தபடியே கைக்கெட்டிய பொருள்களைப் பென்சிலால் வரைய ஆரம்பித்தார். பொழுது போனதோடு மனமும் தெளிந்தது. பிறகு அங்கேயே மற்ற நோயாளிகளுக்கும், போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பூவும் மரமும் வரைவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில், சிப்பாய்கள் தாங்கள் போர்க்களத்தில் கண்டதைத் தாளில் இறக்கினார்கள். இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று அவருக்குப் பட்டது அங்கேதான்.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் இரண்டு பெண்கள் இரண்டு வழியாக யோசித்தார்கள். இருவருமே நியூயார்க்கில் வேலை செய்தவர்கள். மார்கரெட் நாம்பர்க் படத்தை ஒரு வகைப் பேச்சாகப் பார்த்தார். வரைந்த பிறகு அதைப் பற்றிப் பேசினால்தான் உள்ளே கிடப்பது தெளியும் என்பது அவர் வழி. எடித் கிராமரோ, செய்யும் வேலையே ஆற்றும், பேச்சு அதற்கு அப்புறம்தான் என்றார். இன்றைக்கும் சிகிச்சையாளர்கள் இந்த இரண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பார்கள். எனக்குக் கிராமரின் பக்கம்தான் மனம் போகிறது. அவர் சொன்ன 'மூன்றாவது கை' என்ற கருத்து அதற்கு ஒரு காரணம். ஒரு குழந்தை களிமண்ணில் யானை செய்கிறது, கால் நிற்காமல் மடங்கி மடங்கி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே வாங்கி நாமே அழகாகச் செய்து கொடுத்துவிட்டால் அது நம் யானையாகிவிடும். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தை சோர்ந்துபோய் உருட்டிப் போட்டுவிடும். வயிற்றுக்கு அடியில் ஒரு மண் உருண்டையை முட்டுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதுதான் மூன்றாவது கையின் வேலை. யானை குழந்தையுடையதாகவே இருக்கும், நிற்கவும் நிற்கும்.

இந்தக் கிராமருக்குக் குருவாக இருந்தவர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ். ஜெர்மனியின் பௌஹாவுஸ் கலைப்பள்ளியில் படித்த யூத ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைப் பிராக் நகருக்கு வடக்கே இருந்த தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு அவர் ஓவிய வகுப்பு நடத்தினார். தாள் கிடைக்காது. பயன்படுத்திய அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலக் காகிதம் என்று கிடைத்ததில் எல்லாம் வரைந்தார்கள், வெட்டி ஒட்டினார்கள். ஒவ்வொரு படத்திலும் வரைந்த குழந்தையின் பெயரை எழுதவைத்தார். 1944 அக்டோபரில் அவரை அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போகும் முன் ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி மறைத்து வைத்திருந்தார். போர் முடிந்தபின் அவை வெளியே வந்தன. இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலானோர் திரும்பவில்லை. அந்த வகுப்புகள் அவர்களைக் காப்பாற்றின என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் முகாமில் அவர்களுக்கு இருந்தது எண். தாளின் மூலையில் இருந்தது பெயர்.

ரியோவில் ஒரு டாக்டர்

பிரேசிலின் நீசி ட சில்வெய்ராவைப் பற்றி இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. 1905இல் பிறந்த மனநல மருத்துவர். மார்க்சியப் புத்தகங்கள் வைத்திருந்தார் என்று 1930களில் சிறைக்கு அனுப்பப்பட்டவர். 1944இல் ரியோ டி ஜெனிரோவின் மனநல மருத்துவமனையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதும், மூளையில் அறுவை செய்வதும் அன்று நவீன வைத்தியம் என்று பேர் பெற்றிருந்தன. மின்னதிர்ச்சிக் கருவியின் பொத்தானை அழுத்தச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டார். அப்படியானால் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்குப் போ என்று ஒதுக்கினார்கள். அங்கே நோயாளிகள் செய்துகொண்டிருந்தது பெருக்குவதும் துடைப்பதும்தான்.

1946இல் அவர் அங்கே ஓர் ஓவியக்கூடம் திறந்தார். வண்ணம், தூரிகை, களிமண் எல்லாம் வைத்துவிட்டு, இதை வரை, அதை வரை என்று யாரும் சொல்லக்கூடாது என்பதை விதியாக்கினார். பல வருடம் யாரோடும் பேசாமல் சுவரோரம் நின்றவர்கள் வந்து உட்கார்ந்து வரைந்தார்கள். பலர் வரைந்ததில் வட்டவட்டமான உருவங்கள் திரும்பத் திரும்ப வந்தன. சிதறிப்போனதாக எல்லோரும் நினைத்த மனம் தன்னை ஒரு நடுப்புள்ளியைச் சுற்றிச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறதோ என்று நினைத்து, உளவியலாளர் கார்ல் யுங்குக்கு 1954இல் அந்தப் படங்களின் புகைப்படங்களை அனுப்பிக் கேட்டார். யுங் அக்கறையோடு பதில் எழுதினார். அதற்குள் 1952இலேயே, படங்களைப் பாதுகாக்க நீசி ஓர் அருங்காட்சியகம் தொடங்கிவிட்டிருந்தார். அது இன்றும் ரியோவில் இருக்கிறது, லட்சக்கணக்கான படங்களோடு. கூடத்தில் நாய்களும் பூனைகளும் சுற்றிக்கொண்டிருக்கும். அவையும் தன்னோடு வேலை செய்யும் சிகிச்சையாளர்கள் என்பார் அவர்.

உள்ளே என்ன நடக்கிறது?

பயங்கரமான ஒன்றை அனுபவித்தவர்கள் அதைச் சொல்ல முயன்றால் வார்த்தை வராது. "தொண்டை அடைக்குது" என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கு இல்லை. 1996இல் வெளிவந்த ஒரு ஆய்வில், அதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட 8 பேருக்கு அவர்களுடைய கதையையே திரும்பப் படித்துக்காட்டி, அந்த நேரத்தில் மூளையைப் படம் எடுத்தார்கள். உணர்ச்சி சம்பந்தப்பட்ட இடங்கள் விழித்தெழுந்தன. பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியிலோ வேலை குறைந்தது. 8 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் பேச முடியாதவரிடம் பேசு பேசு என்று வற்புறுத்துவது ஏன் பலிப்பதில்லை என்பதை இது கொஞ்சம் காட்டுகிறது. வண்ணத்துக்கும் வடிவத்துக்கும் வாக்கியம் தேவையில்லை.

இன்னொன்று, உள்ளே இருப்பது வெளியே வந்து நிற்பது. மனதுக்குள் இருக்கும்வரை பயத்துக்கு அளவு கிடையாது. தாளில் வந்துவிட்டால் அதற்கு ஓர் ஓரம் வந்துவிடுகிறது. மடித்து வைக்கலாம், பக்கத்தில் ஒரு கதவு வரையலாம், மேலே வேறு வண்ணம் பூசலாம். எதுவும் தன் கையில் இல்லை என்று தவிக்கிற ஒருவருக்கு, எந்த வண்ணம், எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் தன் கையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

உடம்பிலும் இது தெரிகிறது. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், ஸ்கெட்ச் பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் இவற்றோடு விட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தின்போது ஏறுகிற ஹார்மோன் அது. 2016இல் வந்த முடிவின்படி, சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு வைக்கவில்லை என்பதால் இதை ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 2005இல் வந்த இன்னொரு ஆய்வில் 84 மாணவர்களைப் பதற்றப்படுத்திவிட்டு வண்ணம் தீட்டச் சொன்னார்கள். சிலருக்கு மண்டல வடிவம் (வட்டத்துக்குள் ஒழுங்காக அமைந்த கோலம் மாதிரி), சிலருக்குக் கட்டம்போட்ட வடிவம், சிலருக்கு வெறும் தாள். ஒழுங்கான வடிவம் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் நன்றாக இறங்கியது. வெறும் தாளோடு உட்கார்ந்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அத்தையின் புள்ளிகள்தான் கண்ணில் நின்றன. அடுத்த இழை எங்கே போகவேண்டும் என்று புள்ளி சொல்லிவிடுகிறது. களைத்த மனதுக்கு அது ஒரு கைப்பிடிச் சுவர்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டனில் மனச்சிதைவு உள்ள 417 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2012இல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு குழுவாகக் கலைச் சிகிச்சையும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடக் கூடுதலாகத் தேறியதாகத் தெரியவில்லை. குழுவில் பெயர் கொடுத்த பலர் ஒழுங்காக வரவும் இல்லை. நீசியின் கூடத்தில் நாள்தோறும் கதவு திறந்திருந்தது. இங்கே வாரம் ஒருமுறை. இந்த வித்தியாசம் முக்கியம் என்பது என் எண்ணம், ஆனால் சோதனையின் முடிவு முடிவுதான். மாத்திரை சாப்பிடுகிறவர் வண்ணத்தை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

மட்டக்களப்புப் பூங்கா

நம் மொழி பேசும் மண்ணிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. பால் ஹோகன் என்ற கனடிய ஓவியரும், இயேசு சபைப் பாதிரியாரும் உளவள ஆலோசகருமான பால் சற்குணநாயகமும் முன்னின்றார்கள். போரில் வீட்டையும் உறவையும் இழந்த பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளுமாக, ஒரே இடத்தில் கூடினார்கள். ஒருவர் ஊரை இன்னொருவர் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அங்கே களிமண், வண்ணம், பாட்டு, நாடகம், கதை, தோட்டவேலை எல்லாம் உண்டு. என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்கும் மேசை மட்டும் கிடையாது. விளையாட்டும் மண்ணும் முதலில், சொல்ல வருவது வரும்போது வரட்டும் என்பதுதான் வழி. பிள்ளைகளைப் பழையபடி பிள்ளைகளாக இருக்கவிடுவதையே வைத்தியமாக வைத்திருந்தார்கள்.

படத்தை ஜோசியமாக்காதீர்கள்

ஒரு தவறான நம்பிக்கை எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. கறுப்பு வண்ணம் அடித்தால் மனச்சோர்வு, வீட்டுக்கு ஜன்னல் இல்லாவிட்டால் தனிமை, கையில்லாத மனிதன் வரைந்தால் பயம் என்று பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில்கூட இதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளை கறுப்பை எடுத்ததற்குக் காரணம் பெட்டியில் மற்ற கிரேயான்கள் உடைந்துபோனதாக இருக்கலாம். காக்காயைப் பிடித்துப்போயிருக்கலாம். வரைந்தவர் சொல்லாமல் படத்துக்குப் பொருள் சொல்ல யாராலும் முடியாது. நல்ல சிகிச்சையாளர் அதற்கு முயலவும் மாட்டார். "இது என்ன?" என்றுகூடக் கேட்காமல், "இதைப் பற்றிச் சொல்றியா?" என்பார். வீட்டிலும் அப்படியே கேளுங்கள். பிள்ளை "ஒண்ணுமில்ல" என்றால் சரி என்று விட்டுவிடுங்கள்.

ஆரம்பிக்க என்ன வேண்டும்?

வீட்டில் இருப்பதே போதும். ஆனால் எதை எடுக்கிறோம் என்பது கொஞ்சம் முக்கியம். பென்சில், பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் போன்றவை கைக்கு அடங்கும், மனதையும் அடக்கமாக வைக்கும். வாட்டர் கலர், விரலால் பூசும் பெயின்ட் போன்றவை ஓடும், கலங்கும், உணர்ச்சியையும் கிளறிவிடும். ஏற்கெனவே அலைமோதிக்கொண்டிருக்கும் நாளில் தண்ணீர் வண்ணத்தில் இறங்க வேண்டாம், பேனாவை எடுங்கள். மரத்துப்போய் எதுவும் தோன்றாத நாளில் வண்ணம் உதவும். கோபத்துக்குக் களிமண்போல் ஒன்று இல்லை. குத்தலாம், பிய்க்கலாம், அடிக்கலாம், அதற்கு வலிக்காது. மண் கிடைக்காவிட்டால் சப்பாத்தி மாவு போதும்.

வெறும் தாளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்பவர்களுக்குக் கிறுக்கல் முறை நல்லது. நாம்பர்க்கின் அக்கா ஃப்ளோரன்ஸ் கேன் ஓவிய ஆசிரியர், அவர் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பெரிய தாளாக, காலண்டர் தாளின் பின்பக்கம் மாதிரி, எடுத்து நான்கு மூலையையும் ஒட்டிக்கொள்ளுங்கள். எழுந்து நின்று, தோளிலிருந்து கையைக் காற்றில் நாலைந்து தடவை வீசுங்கள். அப்புறம் கண்ணை மூடி, கிரேயானைத் தாளில் வைத்து, எடுக்காமல் அரை நிமிடம் ஓடவிடுங்கள். கண்ணைத் திறந்து தாளை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேகத்தில் யானை தெரிவதுபோல் ஏதாவது ஒன்று தெரியும். எனக்கு முதல்முறை ஒரு கொக்கின் கழுத்து தெரிந்தது. தெரிந்ததை மட்டும் வண்ணத்தால் எடுத்துக்காட்டுங்கள், மற்ற கோடுகளை விட்டுவிடுங்கள். முடிந்ததும் அந்த உருவம் பேசினால் என்ன சொல்லும் என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். என் கொக்கு, "எவ்வளவு நேரம் ஒத்தக் காலில் நிற்பது?" என்றது. அந்த மாதம் நான் இருந்த நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமாக யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நேரம் இருபது நிமிடம் போதும். போனை வேறு அறையில் வையுங்கள். வரைந்து முடித்த கையோடு யாருக்கும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். அனுப்பப்போகிறோம் என்று தெரிந்தாலே கை அழகுக்கு வரைய ஆரம்பித்துவிடும்.

வரையும்போது அழுகை வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் பழைய கொடுமை ஒன்று கண்முன்னே நடப்பதுபோல் வந்து, உடம்பு நடுங்கி, அடங்காமல் போனால் வரைவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகம் கழுவி, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, அறையில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். அந்த வகைக் காயத்தைத் தனியாகத் திறக்கக் கூடாது, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்கவேண்டும். வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால் வரைந்துகொண்டிருக்காமல் உடனே பேசுங்கள். மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926.

சிகிச்சையாளரைத் தேடுவதானால், பிரிட்டனில் ஆர்ட் தெரபிஸ்ட் என்ற பட்டம் சட்டப்படி பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே உரியது. நம் ஊரில் வார இறுதி ஓவிய வகுப்புக்கும் இதே பெயர் வைத்துவிடுகிறார்கள். எங்கே, எத்தனை காலம் பயிற்சி பெற்றீர்கள், உளவியல் படித்திருக்கிறீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். என் படங்களை யாருக்காவது காட்டுவீர்களா என்றும் கேளுங்கள். வரைந்தவருடைய சம்மதம் இல்லாமல் காட்டுவதில்லை என்ற பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

வரைந்த படத்தை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். வைத்துக்கொள்ளலாம், கிழிக்கலாம், மண்ணில் புதைக்கலாம், ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கலாம். அது வரைந்தவர் இஷ்டம். அத்தையின் டைரி பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "வேண்டாம்பா" என்றார். எடுக்கவில்லை.